வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் அணை: தண்ணீரை உயர்த்தி நிறுத்தலாம் என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

செம்மண்வீட்டுக்காரி

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் மேற்குப் பக்கம். கார்டெல் ஊரிலிருந்து அரை மணி நேரம். போன வருடம் 12 ஏக்கரும் ஒரு பழைய வீடும் வாங்கினோம். நிலத்தின் பின்பக்கம் ஒரு ஓடை. அதன் குறுக்கே புல் மூடிய மண் கரை ஒன்று இருக்கிறது. 1950களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியது என்று பத்திரத்தில் இருக்கிறது. நீர் நிற்கும் இடத்தில் பாதி எங்களுடையது, மீதி இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுடையது.

தண்ணீர் 15 ஏக்கர் அளவுக்குத்தான் நிற்கிறது. கரையோ அதைவிட மிக உயரம். பக்கத்தில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். உள்ளே இருக்கும் கான்கிரீட் பெட்டியின் வாயில் பலகை வைத்து 3 அடி உயர்த்தினால் மீன் பிடிக்கலாம், கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும், நிலத்துக்கும் விலை கூடும் என்கிறார்கள். கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நான் ராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவள். கண்மாய் நிறைந்தால் ஊரே போய்ப் பார்த்து வரும். இவ்வளவு பெரிய கரையைக் கட்டிவிட்டு முக்கால்வாசியைக் காலியாக வைத்திருப்பது எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் ஏதோ ஒன்று தடுக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? தண்ணீரைச் சேர்க்கத்தானே கரை? நாங்கள் இங்கே கடைமடையில் ஒரு அடித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறோம். மழை பெய்யும்போது பிடித்து வைக்காமல் ஓடவிடுவது எந்த ஊரிலும் தப்புதான் என்பது என் எண்ணம்.

மண்பரிசோதகன்

கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா. முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் டெக்சாஸில் மண் பொறியாளர். இதே வகை அணைகளில்தான் என் வேலையில் பாதி கழிகிறது.

காவிரிக்கரை நண்பரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இது ஏரி இல்லை. ஏரியின் பயன் அதில் நிற்கும் தண்ணீர். இந்த அணையின் பயன் அதில் இருக்கும் காலி இடம். வெள்ளம் வரும் அந்த ஆறு மணி நேரத்துக்காக வருடம் முழுக்கக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். அடியில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் உண்மையில் வண்டலுக்காக விட்ட இடம். ஐம்பது வருட வண்டல் அங்கே படியட்டும் என்று கணக்கிட்டு விட்டது. அதற்கு மேலே, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கின் மட்டம் வரை காலி. அதுதான் வெள்ளத்துக்கான இடம். ரைசர் என்று இங்கே சொல்கிற கான்கிரீட் பெட்டியின் வாய் வண்டல் மட்டத்தில் இருக்கும். மழை வந்து தண்ணீர் ஏறினால் அந்த வாய் வழியாக இறங்கி, கரைக்கு அடியில் போகும் குழாயில் மெதுவாக வெளியேறும். யாரும் போய்த் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். நடுராத்திரியில் மழை கொட்டினாலும் தானாகவே நடக்கும்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓடைக்கு மேலே 2 சதுர மைல் நீர்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம், அதாவது 1,280 ஏக்கர். ஒரே மழையில் 3 அங்குலம் தரையில் நிற்காமல் ஓடி வந்தால் 320 ஏக்கர்-அடி தண்ணீர் (ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழம் நின்றால் ஒரு ஏக்கர்-அடி). அணை இல்லாவிட்டால் அது சில மணி நேரத்துக்குள் வினாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் மேலே பாய்ந்து போயிருக்கும். குழாயோ வினாடிக்கு 30 கன அடிதான் விடும் என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 ஏக்கர்-அடி. ஐந்தாறு நாளில் முழுவதும் வடிந்துவிடும். பத்து நாளுக்குள் வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிட வேண்டும் என்பதுதான் இந்த அணைகளின் வடிவமைப்பு விதி.

இப்போது 3 அடி உயர்த்தினால்? 15 ஏக்கர் பரப்பு விரிந்து 22 ஏக்கர் ஆகிறது என்று வைத்தால், நீங்கள் நிரந்தரமாக அடைத்துக்கொள்வது சுமார் 55 ஏக்கர்-அடி. வெள்ளத்துக்கான இடம் அந்த 320 என்று வைத்தால், அதில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த ஆறில் ஒரு பங்கு பெருமழை நாளில் கலிங்கு வழியாகக் கீழே போகும். கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

காவிரிக்கரை

காலி இடம்தான் பயன் என்று யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நன்றி. சரி, ஒரு கேள்வி. கலிங்கும் குழாயும் இரண்டும் இருக்கிறதா? ஒன்று போதாதா?

மண்பரிசோதகன்

இரண்டும் வேண்டும். குழாய் வழக்கமான மழைக்கு. கலிங்கு அரிதான பெருமழைக்கு, கரையின் மேல் தண்ணீர் ஏறாமல் காப்பாற்ற. நன்றாகக் கட்டிய மண் கரை அதற்கென்று கணக்கிட்ட மட்டம் வரை தண்ணீரைத் தாங்கும். தலைக்கு மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

ஸ்டில்வாட்டர்மாணவி

கலிங்கு பற்றி நான் சொல்லலாமா? நான் ஸ்டில்வாட்டரில் படிக்கிறேன். ஊருக்கு மேற்கே கார்ல் பிளாக்வெல் ஏரிக்குக் கீழே அமெரிக்க விவசாயத் துறையின் நீரியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு நிஜ அளவில் புல் வாய்க்கால்களையும் மண் கரைகளையும் சோதிக்கும் இடம். முழுக் கரையைக் கட்டி, வேண்டுமென்றே மேலே வழியவிட்டு, எப்படி உடைகிறது என்று அளக்கிறார்கள்.

இந்த அணைகளில் கலிங்கு என்பது கல்லோ கான்கிரீட்டோ இல்லை. கரையின் ஒரு ஓரத்தில் இயற்கை மண்ணில் வெட்டிய அகலமான வாய்க்கால், அதில் புல். அவ்வளவுதான். ஓக்லஹோமாவில் அந்தப் புல் பெரும்பாலும் பெர்முடா. அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்டு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணைத் தைத்து வைத்துவிடும். தண்ணீர் வேகமாக ஓடும்போது இலை படுத்து மண்ணுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அந்தப் பாயில் ஒரு கிழிசல் இருந்தால் போதும். மாடு தினமும் ஒரே தடத்தில் நடந்த பள்ளம், டிரக் போன சக்கரத் தடம், குறுக்கே போட்ட முள்வேலி, நடுவில் முளைத்த ஒரு மரம். தண்ணீர் அங்கே குவியும், புல் கிழியும், சிறு படி போல மண் வெட்டுப்படும். அந்தப் படி மேல்நோக்கி ஊர்ந்துகொண்டே அணைப் பக்கம் வரும். அது கலிங்கின் மேட்டைத் தாண்டிவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் முழுவதும் அந்த வழியாகவே போய்விடும். கரை உடையாமலே அணை காலியாகும். கீழே இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அக்கா, உங்கள் கலிங்கில் வேலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செம்மண்வீட்டுக்காரி

இருக்கிறது தங்கச்சி. குறுக்கே ஐந்து கம்பி வேலி. முன்னால் இருந்தவர் மாட்டுக்குப் போட்டது. அதைக் கலிங்கு என்றே எனக்குத் தெரியாது, மேய்ச்சல் நிலம் என்று நினைத்தேன். அவ்வளவு அகலம், அவ்வளவு சமமான புல்.

மராமத்துஓய்வு

நான் பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஏரி மராமத்து பார்த்தவன், செங்கல்பட்டு பக்கம். அமெரிக்க அணை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண் கரை பற்றித் தெரியும். மண்ணுக்கு எந்த நாடும் ஒன்றுதான்.

மகளே, நீங்கள் மூன்று இடத்தைப் பாருங்கள். கரையின் வெளிச்சரிவு அடிவாரம், குழாய் வெளியே வரும் இடம், கரை இயற்கை மேட்டோடு சேரும் இரண்டு முனை. அடிவாரத்தில் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். கலங்கல் என்றால் கரைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது. அன்றைக்கே சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த உடைப்புகளில் பல மதகை ஒட்டித்தான் ஆரம்பித்தன. கட்டுமானம் மண்ணைத் தொடும் இடத்தில் மண் சரியாக இறுகாது. தண்ணீர் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும்.

மண்பரிசோதகன்

ஐயா சொன்னதுதான் இங்கேயும் பெரிய பாடம். அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றி இடைவெளி விட்டுக் கான்கிரீட் காலர், அதாவது தடுப்பு வளையங்கள், கட்டினார்கள், தண்ணீர் குழாயை ஒட்டி நழுவிப் போகாமல் தடுக்க. ஆனால் காலர்களுக்கு இடையே ரோலர் போக முடியாது. கையால் இடித்த மண் இறுகவில்லை. தடுக்க வைத்ததே பலவீனமான இடமாகிவிட்டது. 1980களில் காலரை விட்டுவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் போகலாம், மண் போகக் கூடாது என்பது அதன் தத்துவம்.

ஓக்லஹோமா மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில களிமண்ணில் சோடியம் அதிகம். பார்க்க நல்ல களி, கையில் பிசைந்தால் மெழுகு போல வரும். ஆனால் உப்பில்லாத மழைத் தண்ணீர் பட்டால் துகள் துகளாகப் பிரிந்து தண்ணீரோடு மிதந்து போய்விடும். சர்க்கரை கரைவது போல. நன்றாக இறுக்கிக் கட்டிய சில அணைகள் முதல் முறை நிறைந்ததுமே குழி விழுந்து போனதற்குக் காரணம் இந்த மண்தான். ஜேம்ஸ் ஷெரார்ட் என்ற பொறியாளரும் இந்த அணைகளைக் கட்டிய மண்வளப் பாதுகாப்புத் துறையில் இருந்தவர்களும் 1970களில் ஓக்லஹோமா, மிசிசிப்பி அணைகளை ஆராய்ந்து இதை வெளியே கொண்டு வந்தார்கள். கரையில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்து, அதில் தண்ணீர் நுழைந்துவிட்டால் போதும். சாதாரணக் களி ஊறி வெடிப்பை மூடிக்கொள்ளும். இந்தக் களி கரைந்து வெடிப்பைப் பெரிதாக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கரையில் தோண்டாதீர்கள்; அருகே ஓடைக் கரையில் ஒரு கட்டி எடுங்கள். காய்ந்த சுண்டைக்காய் அளவு மண்ணைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். கட்டி சரிந்து குவியலாக விழுந்து, சுற்றித் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி, பால் கலந்த மாதிரி பரவினால் அது கரையும் களி. இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாற்று இல்லை, ஒரு குறிப்பு மட்டும்.

இருபத்தைந்துவருடஓக்லஹோமா

இந்த அணைகள் ஏன் வந்தன என்று யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அக்கா இருக்கும் இடம்தான் இந்தக் கதையின் தொடக்கம்.

1934 ஏப்ரலில் மேல் வாஷிட்டா ஆற்றில் இரவோடு இரவாக வெள்ளம் வந்து ஹாமன் ஊர்ப் பக்கம் 17 பேர் இறந்தார்கள். அதே காலத்தில்தான் மேல் மண் புழுதியாகப் பறந்துகொண்டிருந்தது. வறட்சியும் வெள்ளமும் ஒரே நிலத்தில். மண் அரிப்பைத் தடுக்க 1935இல் மண்வளப் பாதுகாப்புத் துறை உருவானது. அங்கிருந்தவர்கள் சொன்னது: வெள்ளத்தைப் பேராற்றில் போய்த் தடுப்பது பிந்திய வேலை, மழை விழும் வயலிலும் சிற்றோடையிலும் தடுக்க வேண்டும்.

1944 வெள்ளத் தடுப்புச் சட்டத்தில் 11 ஆற்றுப்படுகைகளுக்கு அனுமதி கிடைத்தது. வாஷிட்டா அதில் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் அருகே கிளவுட் கிரீக் ஓடையில் முதல் அணை முடிந்தது. நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. பிறகு ஷையன் அருகே சாண்ட்ஸ்டோன் கிரீக்கில் ஒரு முழு ஓடைப்படுகைக்கே தொடராக 20க்கும் மேற்பட்ட அணைகள் கட்டிக் காட்டினார்கள். 1954இல் 566ஆம் பொதுச்சட்டம் வந்து நாடெங்கும் பரவியது. இன்று 47 மாநிலங்களில் 11,800க்கு மேல் இருக்கின்றன. ஓக்லஹோமாவில் மட்டும் 2,107.

1950களில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. ராணுவப் பொறியாளர்கள் பேராற்றில் பெரிய அணைதான் வெள்ளத்தைத் தடுக்கும் என்றார்கள். விவசாயிகள் எங்கள் நல்ல வயலை மூழ்கடித்துக் கீழே நகரத்தைக் காப்பாற்றாதீர்கள், மேலே சிறிய அணை கட்டுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி. சிற்றணை தனக்குக் கீழே உள்ள வயலையும் பாலத்தையும் காக்கும். நூறு மைல் தாண்டிய நகரத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கடைசியில் இரண்டும் வந்தன. வாஷிட்டாவின் குறுக்கே ஃபாஸ் அணை 1961இல் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அணைகளுக்கு நிலத்தை அரசு வாங்கவில்லை. விவசாயிகள் தண்ணீர் தேங்கும் உரிமையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பணம் வாங்காமல். கீழே இருப்பவன் வயல் மூழ்கக் கூடாது என்று மேலே இருப்பவன் தன் மேய்ச்சலைக் கொடுத்தான். அக்கா, அந்த வாக்குதான் உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. நிலத்தோடு சேர்ந்து அது உங்களுக்கு வந்திருக்கிறது.

செம்மண்வீட்டுக்காரி

பத்திரத்தை நேற்று இரவு மறுபடி படித்தேன் அண்ணா. குறிப்பிட்ட மட்டம் வரை தண்ணீர் தேங்கலாம், அதற்குக் கீழே கட்டடம் கூடாது, அணையையோ குழாயையோ மண்வளப் பாதுகாப்பு மாவட்டத்தின் (இந்த அணைகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்பு) எழுத்து அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. வாங்கும்போது யாரும் இதை எடுத்துச் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை.

நகரத்துக்கருத்து

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, தப்பாக நினைக்க வேண்டாம். ஐம்பது வருடத்துக்கு என்று கட்டியவை. பெரும்பாலானவற்றுக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. ஆரம்ப கால இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. பழைய அணைகளைப் புதுப்பிக்க 2000இல் சட்டம் வந்து, செலவில் 65 சதவீதம் மத்திய அரசு தருகிறது, சரி. அவ்வளவு பணத்தை அணையில் போடுவதைவிடக் கீழே இருக்கும் சில வீடுகளை விலைக்கு வாங்கி, ஓடையை ஓடவிடலாமே? இல்லாத அணை உடையாது.

மண்பரிசோதகன்

நியாயமான கேள்வி. சில இடத்தில் அதுதான் சரியான விடை. புதுப்பிப்புத் திட்டம் எழுதும்போது அணையை எடுத்துவிடுவதையும் ஒரு வழியாகக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கீழே வீடு மட்டும் இல்லை. பாலம், மாவட்டச் சாலை, வயல் எல்லாம் எழுபது வருடமாக இந்த அணையை நம்பி அமைந்தவை. சிற்றோடைப் பாலங்கள் வினாடிக்கு 30 கன அடிக்குப் பழகிய ஊரில் அணையை எடுத்தால் அத்தனையும் மாற்ற வேண்டும்.

வீடுகள் வந்ததே ஒரு பிரச்சினை. கட்டும்போது கீழே வெறும் வயல் என்பதால் குறைந்த அபாய வகுப்பில் கட்டினார்கள். வெள்ளம் வராததால் தைரியம் வந்து ஆட்கள் வீடு கட்டினார்கள். அணை ஒரு அங்குலம்கூட மாறவில்லை, வகுப்பு மட்டும் உயர்ந்த அபாயமாகிவிட்டது. இந்த வகுப்பு அணையின் பலத்தைச் சொல்வதில்லை. உடைந்தால் உயிர் போகுமா என்பதைச் சொல்கிறது. பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வகுப்பு உயர்ந்தால் கலிங்கை அகலமாக்க வேண்டும், அல்லது கரையை உயர்த்த வேண்டும், சில இடத்தில் ரோலர் போட்டு இறுக்கிய கான்கிரீட்டால் கரையின் மேலேயே படி கட்ட வேண்டும். பணம் அங்கேதான் போகிறது.

இருபத்தைந்துவருடஓக்லஹோமா

2007 ஆகஸ்டில் எரின் புயல் கடலைவிட்டு நிலத்துக்கு வந்து ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 19ஆம் தேதி விடிவதற்குள் நம்ம மேற்கு ஓக்லஹோமாவில் மறுபடி சுழல ஆரம்பித்து விடாமல் கொட்டியது. அன்றிரவு நான் வேலைக்குப் போயிருந்தேன். காலையில் திரும்பும்போது சாலைக்கு மேலே இருந்த ஒரு சிற்றணையில் தண்ணீர் கலிங்கு மட்டம் வரை வந்து நின்றது. அதுவரை அங்கே ஒரு குட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கீழே பாலம் நனையவில்லை, நான் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது பழையபடி குட்டை. அணையை எடுத்துவிடலாம் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. நான் பார்த்ததைச் சொன்னேன்.

நகரத்துக்கருத்து

ஒப்புக்கொள்கிறேன், பாலங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீடுகள் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. அணைக்குக் கீழே புதிதாகக் கட்ட அனுமதி தரவே கூடாது.

மராமத்துஓய்வு

அதில் நான் உங்கள் பக்கம். ஏரிக் கலிங்குக்குக் கீழே வீடு வந்ததைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன் நான்.

மகளே, கரையில் மரம் இருக்கிறதா?

செம்மண்வீட்டுக்காரி

இருக்கிறது ஐயா. உள்சரிவில் நீர் மட்டத்தை ஒட்டிப் பருத்திமரம் என்று இங்கே சொல்கிற மரம் மூன்று, வெளிச்சரிவில் சிவப்பு சீடர் கன்றுகள் நிறைய. பார்க்க அழகாக இருக்கின்றன.

மராமத்துஓய்வு

கன்றுகளை இந்த வருடமே வெட்டச் சொல்லுங்கள். பெரிய மரத்தை நீங்களாக வெட்டாதீர்கள். வெட்டி விட்டால் வேர் உள்ளே அழுகி, அது இருந்த இடம் குழாய் மாதிரி ஆகிவிடும். வேரோடு தோண்டி, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். எலி வளை, பெருச்சாளி வளை?

ஸ்டில்வாட்டர்மாணவி

இங்கே அதற்குப் பதில் மஸ்க்ராட் என்ற நீர் எலி, காட்டுப்பன்றி, அப்புறம் பீவர். பீவர் கரையைத் தோண்டுவதைவிட ரைசர் வாயை அடைப்பதுதான் தொந்தரவு. தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே குச்சியும் சேறும் கொண்டுவந்து மூடிவிடும். யோசித்துப் பாருங்கள் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகை வைத்துச் செய்யக் கேட்பதைத்தான் பீவரும் செய்கிறது. அது நடந்தால் மாவட்டத்தினர் ஆள் அனுப்பி அகற்றுகிறார்கள்.

செம்மண்வீட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓடைக் கரை மண்ணை டம்ளரில் போட்டேன். மூன்று கட்டி, மூன்று டம்ளர். இரண்டு சும்மா சரிந்து விழுந்தன. ஒன்றில் மட்டும் அடியில் மெல்லிய புகை மாதிரி பரவியது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். குழாய் வெளியே வரும் இடத்தில் ஈரம் இருக்கிறது, தண்ணீர் தெளிவு. கண்ணாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசினேன். 320, 55 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கீழே இரண்டாவது மைலில் இருக்கும் வீடு என் மகள் வீடு என்றார். பலகை யோசனையை அவரே விட்டுவிட்டார். மாட்டுத் தண்ணீருக்கு மேட்டில் தனியாக ஒரு குட்டை வெட்ட மாவட்டத்தினர் உதவுவார்களா என்று கேட்கப் போகிறோம். இன்னொருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கலிங்கு வேலியைச் சனிக்கிழமை எடுக்கிறோம். திங்கள் மாவட்ட அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

மண்பரிசோதகன்

மூன்று கேளுங்கள். அணையின் கட்டுமான வரைபடம், கடைசி ஆய்வு அறிக்கை, உடைந்தால் தண்ணீர் எதுவரை போகும் என்ற வரைபடம். குழாய் இரும்பா கான்கிரீட்டா, உள்ளே கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தப் புகை விட்ட டம்ளர் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். எந்த இடத்து மண் என்று குறித்து எடுத்துப் போங்கள்.

காவிரிக்கரை

அக்கா, அருகம்புல் படம் ஒன்று போடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

செம்மண்வீட்டுக்காரி

போடுகிறேன் தம்பி. இப்போது குளிர்காலம், காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. ஏப்ரலில் பச்சை வந்ததும் கலிங்கின் மேட்டில் நின்று எடுத்து அனுப்புகிறேன்.